கைப்பிடி அரிசி போன வீடு

சகாயபுரத்தில் உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளித் தனிப்பானையில் போடாத வீடு கிடையாது, அந்தப் பிடியைப் போடும்போது தன் பிள்ளைக்காக வாய்க்குள் ஒரு ஜெபம் சொல்லாத தாயும் கிடையாது. பிள்ளை வளர்ந்து மீசை நரைத்து மருமகள் வந்து பேரன் வந்தாலும் தாய்க்கு அந்த ஜெபம் தீர்ந்துவிடாது. சனிக்கிழமை வந்தால் கைப்பிடிச் சங்கத்துப் பெண்கள் வீடு வீடாகப் போய் அந்தப் பானைகளை வாங்கி, மாதா கோவிலுக்குப் பின்னால் இருக்கிற அறையில் பெரிய தகர டிரம்மில் கொட்டுவார்கள். பொன்னியும் ரேஷன் அரிசியும், புழுங்கலும் பச்சையும், பணக்கார வீட்டு அரிசியும் கடன்கார வீட்டு அரிசியும் அதில் ஒன்றாகக் கலந்துவிடும். கலந்ததைப் படியால் அளந்து உப்பளத்தெருவுக்குக் கொண்டு போவார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாத ஆம்பிளைகளின் வீடுகளும், திரும்பி வந்தும் உதவாத ஆம்பிளைகளின் வீடுகளும், தாய் செத்து அக்காவே தாயாகிப்போன வீடுகளும் அந்தத் தெருவில்தான் இருந்தன. அரிசியோடு பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் பை போகும், காய்ச்சல் மருந்து போகும், தைக்கத் தெரிந்தவளுக்குத் தையல் மிஷின் போகும். போகிற வீட்டில் சங்கத்துப் பெண்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது சங்கத்தின் சட்டம். இல்லாதவர்கள் வீட்டில் வாய் நனைக்கக் கூடாது என்று, சங்கத்தை ஆரம்பித்தவர்கள் நல்ல மனசோடு வைத்தது அது.

இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்த ஊரில், ஈஸ்டருக்கு முந்தின ஒரு தவசு காலத்தில், ஜெபங்கள் வீடு மாறிப் பலிக்க ஆரம்பித்தன.

லில்லி டீச்சர் பெங்களூரில் இருக்கிற மகனுக்குத் தலைமுடி கொட்டக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்தாள், பெண் பார்க்கிற நேரம் பாருங்கள். உப்பளத்தெருவில் தவழ்ந்துகொண்டிருந்த ஒரு ஆண்பிள்ளைக்கு ஒரே வாரத்தில் முடி இடுப்புக்கு இறங்கிவிட்டது. அவன் அம்மா அதிசயப்படவில்லை. எண்ணெய்ச் செலவுதான் கூடிப்போச்சு என்று சலித்துக்கொண்டு இரட்டைச்சடை போட்டு ரிப்பன் கட்டிவிட்டாள். பேரப்பிள்ளை வேண்டும் என்று யாரோ போட்டிருந்த ஜெபம் ஒன்று, மலட்டு ஆடென்று முடிவுகட்டிவிட்ட மிக்கேலம்மாளின் வெள்ளாட்டுக்குப் போய்ச் சேர்ந்து, அது இரட்டைக்குட்டி போட்டது. ஸ்டெல்லா தன் மகளுக்காகக் கேட்ட கனடா விசா, முன்பல் விழுந்த மூன்றாம் வகுப்புக் கென்னடியின் பேருக்கு வந்தது. அவன் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "கனடாவுக்குத் திருச்செந்தூர் பஸ்ஸுல ஏறணுமா, நாகர்கோவில் பஸ்ஸுல ஏறணுமா?" என்று தபால்காரரைக் கேட்டான். அவரும் யோசித்துவிட்டு, எதற்கும் திருச்செந்தூர் போய் விசாரிக்கச் சொன்னார்.

ஊரில் யாரும் மூக்கில் விரலை வைக்கவில்லை. ஆண்டவர் கேட்கிறார் என்பதில் அவர்களுக்கு எப்போதுமே சந்தேகம் இருந்ததில்லை. கேட்டதை அவர் எங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார் என்பதில்தான் இப்போது குழப்பம். சங்கக் கூட்டத்தில் ஸ்டெல்லா எழுந்து, "நான் போட்ட அரிசிக்கு வந்த விசா அது, எனக்குத்தான் சேரணும்" என்றாள். வாசலில் நின்ற கென்னடியின் அம்மா, "தாராளமா எடுத்துக்கோங்கக்கா. அரிசியையும் சேத்து எடுத்துக்கோங்க, அவன் வயித்துக்குள்ளதான் கெடக்கு" என்றாள். ஸ்டெல்லா உட்கார்ந்துவிட்டாள். சில பெண்கள் ஜெபம் சொல்லாமல் வாயை இறுக மூடிக்கொண்டு பிடி போட்டுப் பார்த்தார்கள். அந்த அரிசியைத் தின்ற பிள்ளைகள் தட்டு நிறையத் தின்றுவிட்டு, பசிக்குது என்று அழுதன. அதைப் பார்க்கப் பொறுக்காமல் மறுபடியும் ஜெபத்தோடு போட்டார்கள். யாரோ தின்னப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டு எப்படிக் கேட்பது, எதைக் கேட்பது என்று தெரியாமல் பானைக்கு முன்னால் ஒவ்வொருத்தியும் பிடித்த கையோடு நின்றதில், அந்தத் தவசு காலம் முழுக்கச் சகாயபுரத்தில் சோறு நேரம் கழித்துத்தான் வெந்தது.

புதுசாக வந்த பங்குச்சாமியிடம் போய்க் கேட்டார்கள். அவர் மோவாயைத் தடவிக்கொண்டு, "அரிசி யார் வயித்துக்குப் போகுதோ ஜெபமும் அங்கதான் போகுது. அது வரைக்கும் எனக்குப் புரியுது. ஏன்னு மட்டும் கேக்காதீங்கம்மா, செமினரியில இத யாரும் சொல்லித் தரல" என்றார்.

மதலேனம்மாள் மட்டும் எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்கவில்லை. அவளுடைய ஜெபம் எங்கேயும் போய்ப் பலித்ததாக அதுவரை சேதி வரவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. பல வருஷத்துக்கு முன்னால் மூத்த மகன் பெர்க்மான்ஸ் ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவன் அப்பா சந்தியாகு வலையை எறிந்துவிட்டு வந்து, "தண்டச்சோறு" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். பெர்க்மான்ஸ் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு, கைகூடக் கழுவாமல், எழுந்து போனான். போனவன் போனவன்தான். அவன் பேரை இந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று சந்தியாகு கத்தினார், யாரும் சொல்லவில்லை. போன வருஷம் சந்தியாகுவும் கண்ணை மூடிவிட்டார். ஆனாலும் மதலேனம்மாளின் நாக்கு அந்தக் கட்டை அவிழ்க்கப் பழகவில்லை. தினமும் பிடி அரிசியை எடுத்துக் கண்ணை மூடி, "மாதாவே, போனவன் வீட்டுக்கு வரணும்" என்பாள். பேர் சொல்ல மாட்டாள். மாதாவுக்குத் தெரியாததா என்று விட்டுவிடுவாள்.

அந்தச் சனிக்கிழமை அவளும் அவளுடைய ஜோடி பிரகாசியும் உப்பளத்தெருவில் வியாகுலமேரியின் வீட்டுக்கு அரிசி கொண்டு போனார்கள். பிரகாசி மதலேனம்மாளின் நாத்தனார், வாய் நீளம், கை தாராளம். வியாகுலமேரி இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, சங்கம் வாங்கிக் கொடுத்த மிஷினில் பள்ளிக்கூட யூனிபாரம் தைத்துப் பிழைக்கிறவள். அவள் புருஷன் லிகோரி அவளை அடித்துக் கை எலும்பை ஒடித்துவிட்டு ஓடிப்போன நாளில் தெருவே நிம்மதியாக மூச்சு விட்டது. அந்த லிகோரி வாசலில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான்.

"எப்பம்ல வந்த?" என்றாள் பிரகாசி.

"செவ்வாக்கெழம வந்தேன் அத்தை." அவன் முகத்தில் வந்தவனின் சந்தோஷமே இல்லை. "திருப்பூர்ல ஒரு மெஸ்ஸுல எச்சித்தட்டு கழுவிட்டு இருந்தேன். நல்லாத்தான் இருந்தேன். திடீர்னு யாரோ சட்டையப் புடிச்சு இழுத்த மாதிரி இருந்துது. கையில சோப்பு நொரையோட பஸ் ஏறிட்டேன். எதுக்கு வந்தேன்னு எனக்கே தெரியல."

உள்ளே மிஷின் மேசைக்கு அடியில் அவன் மகள் ஜெனிட்டா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வியாகுலமேரி அரிசியை வாங்கும்போது இடது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே வாங்கினாள். கன்னத்தில் என்ன என்று பிரகாசி கேட்டதற்கு, "கதவு இடிச்சிட்டு" என்றாள்.

மதலேனம்மாள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். போனவன் வரணும். வந்துவிட்டான். ஒருநாள் விடாமல் அவள் கேட்ட ஜெபத்துக்குப் பதில், பல்லைக் குத்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தது.

வழியில் பிரகாசியிடம் சொன்னாள். பிரகாசி நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "ஏன் மைனி, பேர் சொல்லிக் கேக்கப்படாதா? ஊருல போனவன் ஒருத்தனா? போனதே புண்ணியம்னு நெனைக்கிற ஆளெல்லாம் வந்து எறங்குனா ஊரு தாங்குமா?"

"அவனத் திருப்பி அனுப்பணும் பிரகாசி."

"அப்ப, வந்தவன் போகணும்னு சொல்லிப் போடுங்க."

மறுநாள் காலையில் மதலேனம்மாள் பிடி அரிசியோடு நின்றாள். வந்தவன் போகணும் என்று சொல்ல வாய் திறந்தவள் பாதியில் மூடிக்கொண்டாள். இந்த ஜெபம் காற்றில் சுற்றி, எங்கோ ஒரு ஊரில், வீட்டுக்குப் போகலாமா என்று பஸ் ஸ்டாண்டில் நின்று யோசித்துக்கொண்டிருக்கிற தன் மகன் காதில் விழுந்துவிட்டால்? சொல்லாமல் விட்டால் அந்தப் பிள்ளை மேசைக்கு அடியிலேயே வளருமா? தன் பிள்ளைக்காக ஊரான் பிள்ளையை அடிவாங்க விடுகிறவள் தாயா, ஊரான் பிள்ளைக்காகத் தன் பிள்ளையைத் தள்ளிவிடுகிறவள் தாயா என்று அவள் மாதா படத்தைப் பார்த்தாள். மாதா தன் பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கண்ணீர் அரிசியில் விழ, "வந்தவன் போகணும்" என்று சொல்லிப் போட்டாள். அந்த வாரம் முழுக்க அப்படியே போட்டாள். சனிக்கிழமை வந்தபோது அந்தப் பானையை டிரம்மில் கொட்டப் பயந்தாள். எந்தப் பிடி எந்த வீட்டுக்குப் போகும் என்று யார் கண்டது? நல்லபடியாக வந்து சேர்ந்தவன் எவனாவது ஒருத்தன் அதைத் தின்றுவிட்டு எழுந்து போய்விட்டால், அந்தப் பாவம் வேறு. பானையைப் பரணில் ஏற்றி வைத்துவிட்டு வெறுங்கையோடு சங்கத்துக்குப் போனாள்.

அன்றைக்கு வியாகுலமேரி வீட்டுக்குள், வாசலை ஒட்டி, மிஷினின் தலைப்பகுதி சாக்கில் கட்டி வைக்கப்பட்டிருந்தது. லிகோரி சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். விற்கத்தான் கொண்டு போகிறான் என்பது கேட்காமலே தெரிந்தது. மேசை மட்டும் அதன் இடத்தில் நின்றது, ஜெனிட்டா அதற்கு அடியில்தான் இருந்தாள்.

வியாகுலமேரி மதலேனம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியம்மா, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

"சட்டம் இருக்கே தாயி."

"தெரியும் பெரியம்மா. இன்னைக்கு மட்டும் சாப்பிடுங்க." அவள் புருஷன் பக்கம் பார்க்காமல் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க எலையில இருக்கும்போது அவரு எந்திரிச்சுப் போக மாட்டாரு. எதுவும் செய்ய மாட்டாரு."

மதலேனம்மாளுக்குப் புரிந்தது. வாசற்படிக்கு நேராக, யாரும் தாண்டாமல் போக முடியாத இடத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வயசான ஒருத்தி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் இலையைத் தாண்டிப் போக லிகோரிக்கும் கால் வரவில்லை. சாக்கைத் திண்டு மாதிரி வைத்து அதன்மேல் உட்கார்ந்து காத்திருந்தான்.

சோறும் நண்டு ரசமும். மதலேனம்மாள் மெல்லச் சாப்பிட்டாள். இவ்வளவு மெதுவாக அவள் ஆயுசில் சாப்பிட்டதில்லை. ஒரு பருக்கை, ஒரு மூச்சு, ஒரு மங்கள வார்த்தை ஜெபம். தீர்ந்தால் அவன் எழுந்துவிடுவானே என்று, "இன்னும் கொஞ்சம் வையி" என்றாள். மறுபடியும் வைக்கச் சொன்னாள். வாசலில் நின்ற பிரகாசிக்குக் கண் பிதுங்கியது. "மைனி! பிள்ளைகளுக்குச் சோறு வேண்டாமா? சங்கத்து ஆளு வந்து ஒரு குடும்பத்துச் சோத்தையே காலி பண்ணிட்டாங்கன்னு ஊரு சிரிக்கப் போகுது!"

மதலேனம்மாள் காதில் அது விழவில்லை. ஏனென்றால் மூன்றாவது முறை வைத்த சோற்றில் ஒரு வாய் விழுங்கியபோது, நெஞ்சுக்குள் ஏதோ தெரிந்த ஒன்று இறங்கியது. தன் சட்டிக்குள்ளிருந்தே வந்த ருசி மாதிரி, தன் குரலைத் தானே கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி. போனவன் வரணும். அடுத்த வாயிலும் அதேதான் இருந்தது. அது, ஜெபத்தை மாற்றுவதற்கு முன்னால் அவள் போட்ட பிடி. அரிசி யார் வயிற்றுக்குப் போகுதோ அங்கே போகிற ஜெபம், அதைப் போட்டவள் வயிற்றுக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. இத்தனை காலம் சங்கத்தில் போட்டவள் யாரும் தின்றதில்லை, தின்றவளோடு உட்கார்ந்ததும் இல்லை.

"சட்டிய வழிச்சு வையி தாயி" என்றாள் மதலேனம்மாள். "ஒண்ணு மிச்சம் இருக்கப்படாது."

வியாகுலமேரி ஒன்றும் புரியாமல் வழித்து வைத்தாள். மதலேனம்மாள் மூச்சு முட்ட, வியர்க்க வியர்க்க, அடிப்பருக்கை வரை தின்றாள். கடைசி வாய் இறங்கியதும் லிகோரி நிமிர்ந்து உட்கார்ந்தான். சட்டைக் காலரைத் தடவிப் பார்த்தான், யாரோ பிடித்திருந்த கை விட்டுப்போன மாதிரி. சுற்றிலும் பார்த்தான். "நான் எதுக்கு இங்க வந்தேன்?" என்றான். "மெஸ்ஸுல தட்டு குமிஞ்சு போயிருக்குமே" என்று எழுந்தான். சாக்கு இருந்த பக்கமே திரும்பவில்லை. மதலேனம்மாள் இலையை ஒதுக்கி வழிவிட, செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்கிறவன் மாதிரி வேகமாகப் போய்விட்டான். ஜெனிட்டா மேசைக்கு அடியிலிருந்து முதலில் ஒரு காலை வெளியே நீட்டினாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மற்ற காலையும் நீட்டினாள்.

தின்ற சோற்றுக்கு மதலேனம்மாள் அன்று சாயங்காலமே ஈடு செய்தாள். தன் வீட்டு அரிசி டின்னில் இருந்ததைத் தூர் தெரிய வழித்து வியாகுலமேரிக்குக் கொடுத்தனுப்பினாள். அவள் வயிற்றுக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை. போனவன் வரணும் என்பது உள்ளே கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தபோது வாசல் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. பேர் சொல்லாமல் கேட்ட ஜெபமாயிற்றே, வந்திருப்பது யார்? லிகோரி வழி தவறித் திரும்பிவிட்டானா? போன வருஷம் போன சந்தியாகுவும் போனவர்தானே, அவர் வந்து நின்றால் என்ன சொல்லி உள்ளே கூப்பிடுவது, என்ன சொல்லித் திருப்பி அனுப்புவது? வெளியே ஒருத்தர் தொண்டையைச் செருமினார். அது சந்தியாகு செருமுகிற செருமல் மாதிரியேதான் இருந்தது. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு, எத்தனையோ காலமாக நாக்கில் கட்டிக் கிடந்ததை அவிழ்த்தாள்.

"பெர்க்மான்ஸா?"

"ஆமாம்மா." பிறகு, "சோறு இருக்கா?"

மீசை நரைத்திருந்தது. அப்பாவின் தொண்டை அவனுக்கு எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கு அழக்கூடத் தோன்றவில்லை, அரிசி டின்தான் ஞாபகம் வந்தது. டின் காலி. வீட்டில் இருந்த அரிசி பரணில் ஏறியிருந்த பானை ஒன்றுதான், அதில் வாரம் முழுக்கப் போட்டது வந்தவன் போகணும்.

"என்னம்மா பாக்கிற? அரிசி இல்லையா? அந்தப் பானையில இருக்கே" என்று அவன் எட்டிப் பரணில் கை வைத்தான்.

"தொடாத!" என்று அவள் போட்ட சத்தத்தில் அவன் கையை இழுத்துக்கொண்டான், முகம் சுருங்கிவிட்டது. தண்டச்சோறு என்று கேட்ட அன்றைக்கு அந்த முகம் எப்படிச் சுருங்கியதோ அப்படியே. அவன் வாசலைப் பார்த்தான். மதலேனம்மாள் விளக்கம் சொல்ல நேரமில்லாமல் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். சின்னப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போகிற மாதிரி, அந்த நரைத்த மீசைக்காரனைக் கோவிலைத் தாண்டி, டிரம் இருந்த அறையைத் தாண்டி, பார்த்தவர்களெல்லாம் வாய் பார்த்து நிற்க, உப்பளத்தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். எதிரே வந்த பிரகாசி ஒன்றும் கேட்காமல் பின்னாலேயே வந்தாள். வழியில் கதை தெரிந்ததும், "அந்தப் பரண் அரிசிய எலிக்குப் போடுங்க மைனி, வந்த எலியெல்லாம் போகட்டும்" என்றாள். பின்னால் அப்படியே செய்தார்கள், எலி போகவும் செய்தது.

"வியாகுலம், ஒரு ஆளக் கூட்டிட்டு வந்திருக்கேன். பசியோட இருக்கான்."

வியாகுலமேரி யார் என்று கேட்கவில்லை. ஜெனிட்டா மிஷின் மேசைக்கு மேலே உட்கார்ந்து துணியைப் பிடித்துக்கொண்டிருந்தவள், இறங்கி வந்து தட்டு வைத்தாள், தண்ணீர் வைத்தாள். பெர்க்மான்ஸ் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பார்த்தான், கை வைக்கவில்லை.

"இது யார் வீட்டுச் சோறு?" என்றான்.

"உங்க வீட்டுச் சோறுதான் அண்ணே" என்றாள் வியாகுலமேரி. "இங்க வெந்துருக்கு, அவ்வளவுதான்."

அவனுக்கு அது புரிந்ததோ இல்லையோ, பிசைய ஆரம்பித்தான். மதலேனம்மாள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, தட்டையே பார்த்தாள். பாதித் தட்டு ஆனது. அந்த மத்தியானம் இந்த இடத்தில்தான் நின்றுபோனது. கை பாதியைத் தாண்டியது. ரசம் ஊற்றினாள் வியாகுலமேரி. ஜெனிட்டா எதிரே உட்கார்ந்து, ஒரு ஆம்பிளை சாப்பிடுவதை, பயப்படாமல், முழுக்கப் பார்த்தாள். தட்டு காலியானது. விரல் பட்ட கோடுகள் மட்டும் மிச்சம்.

பெர்க்மான்ஸ் எழுந்தான். எழுந்த வேகத்தில் மதலேனம்மாளின் கை தானாகப் போய் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டது. பிடி அரிசியைப் பிடிக்கிற மாதிரியே பிடித்தது.

அவன் குனிந்து அந்தக் கையைப் பார்த்தான்.

"கை கழுவத்தாம்மா எந்திரிச்சேன்" என்றான்.